விந்துக்குழாய்க்கும் ஆண்மைக்கும் தொடர்பில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆண்டுதோறும் நவம்பர் 21 முதல் டிசம்பர் 4 வரை ஆண்களுக்கான கருத்தடைச் சிகிச்சை இருவார விழா நடக்கிறது. விழிப்புணர்வு வாகனத்தைக் கொடியசைத்துத் தொடங்கி வைக்கும் படம் நாளிதழ்களின் மாவட்டப் பக்கத்தில் வரும். ‘இச்சிகிச்சையால் ஆண்மைக் குறைவு ஏற்படாது’ என்ற ஒரு வரியோடு செய்தி முடிந்துவிடும். ஏன் ஏற்படாது என்று யாரும் எழுதுவதில்லை. குறையாது என்று மட்டும் சொன்னால், அதுவரை அப்படி நினைக்காதவருக்கும் சந்தேகம் வந்துவிடுகிறது.

விதைகள் இரண்டு வேலைகளைச் செய்கின்றன. ஒன்று, விந்தணு உற்பத்தி. அது விந்துக்குழாய் வழியாக மேலே போகிறது. மற்றொன்று, டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன். மீசை, குரல், தசை, ஆசை, விறைப்பு எல்லாவற்றிலும் இதற்குப் பங்குண்டு. இது குழாயில் போவதில்லை, நேரே ரத்தத்தில் கலக்கிறது. சிகிச்சையில் அடைக்கப்படுவது குழாய் மட்டும்தான். வெளிவரும் விந்திலும் விந்தணுவின் பங்கு நூற்றுக்கு ஐந்துதான் இருக்கும். மீதியெல்லாம் விந்துப்பையும் புராஸ்டேட் சுரப்பியும் சுரக்கும் திரவம். அதனால் அளவிலோ நிறத்திலோ எந்த மாற்றமும் கண்ணுக்குத் தெரியாது. தொடர்ந்து உற்பத்தியாகும் விந்தணுக்களை உடலே உறிஞ்சிக்கொள்ளும்.

சிகிச்சை முறை இதுதான். முதலில் ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், சிறுநீரில் சர்க்கரை ஆகியவற்றைப் பார்ப்பார்கள். விதைப்பையின் தோலில் மரத்துப்போகும் ஊசி போடுவார்கள். நடுவில் ஒரே ஒரு சிறு துளை. அதன் வழியாக ஒரு பக்கத்துக் குழாயை வெளியே எடுத்து, ஏறத்தாழ 1 செ.மீ. துண்டை நீக்கி, முனைகளைக் கட்டி உள்ளே விடுவார்கள். அடுத்து மறுபக்கம். கத்தி இல்லை, தையல் இல்லை. பத்து முதல் இருபது நிமிட வேலை. அரை மணி நேரம் படுத்திருந்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில் 1974-ல் உருவான முறை இது.

இரண்டு நாள் ஓய்வு வேண்டும். இறுக்கமான உள்ளாடையை இரவிலும் கழற்றக் கூடாது. துளை ஈரமாகக் கூடாது. ஒரு வாரம் பாரம் தூக்குவதும் சைக்கிள் மிதிப்பதும் வேண்டாம். மூட்டை தூக்குபவர் மறுநாளே வேலைக்குப் போனால் உள்ளே ரத்தம் கட்டி வீங்கும். ‘ஆபரேஷன் பண்ணி உடம்பு போச்சு’ என்ற பேச்சு பெரும்பாலும் இங்கிருந்துதான் கிளம்புகிறது. வீக்கம் பெரிதானாலோ காய்ச்சல், சீழ் இருந்தாலோ உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும். மிகச் சிலருக்கு வலி மாதக்கணக்கில் நீடிப்பதும் உண்டு. அதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு அடுத்த மூன்று மாதங்களில் நடக்கிறது. அடைப்புக்கு அப்பால் குழாயில் ஏற்கெனவே இருக்கும் விந்தணுக்கள் வெளியேற அத்தனை காலம் ஆகும். அதுவரை ஆணுறை கட்டாயம். மூன்று மாதம் முடிந்ததும் விந்துப் பரிசோதனை செய்து, விந்தணு இல்லை என்று தெரிந்த பிறகுதான் கருத்தடைச் சான்றிதழ். இந்தப் பரிசோதனைக்கு வர ஆண்கள் கூச்சப்படுகிறார்கள். சிகிச்சைக்கே வந்தவர், ஒரு குப்பியில் மாதிரி கொடுப்பதற்கு வெட்கப்பட்டு வராமலிருந்துவிடுகிறார். பிறகு மனைவி கர்ப்பமானால் சந்தேகம் யார் மேல் விழுகிறது? அந்தப் பெண்ணின் நடத்தை மேல். பரிசோதனைக்குப் போகாத கணவரை யாரும் ஒரு கேள்வி கேட்பதில்லை. குழாய் தானாக மீண்டும் இணைந்துகொள்வதும் அபூர்வமாக உண்டு. எப்படியானாலும் முதலில் சோதிக்க வேண்டியது கணவரின் விந்தைத்தான்.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நாட்டில் திருமணமான பெண்களில் 37.9 சதவீதம் பேர் கருத்தடை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள். கணவர் செய்துகொண்டது 0.3 சதவீதம். பெண்ணுக்கு வயிற்றைத் திறந்தோ துளையிட்டோ உள்ளே போக வேண்டும். ஆபத்தும் வலியும் அதில்தான் அதிகம். ஆனாலும் இரண்டாவது பிரசவத்துக்கு வந்த பெண்ணிடம், வலியில் இருக்கும்போது, ‘கு.க. (குடும்பக் கட்டுப்பாடு) பண்ணிக்கிறியாம்மா?’ என்று கேட்கிறோம். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் கணவரிடம் யாரும் கேட்பதில்லை. ‘அவன் பாரம் தூக்குறவன், அவனுக்கு எதுக்கு?’ என்பார் மாமியார். சிசேரியன் ஆன மருமகள் வீட்டுக்குப் போய்த் தண்ணீர்க் குடம் தூக்குவது அவர் கணக்கில் வருவதில்லை. கணவன், மனைவி இருவரில் யார் செய்துகொண்டாலும் மற்றவரின் கையெழுத்து தேவையில்லை என்பதே விதி. பல இடங்களில் பெண்ணிடம் மட்டும் கணவரின் கையெழுத்தைக் கேட்கிறார்கள்.

இந்த அச்சம் காலம்காலமாக இருந்தது என்று நினைத்தால் தவறு. ஆண்களுக்கான கருத்தடையை ஊக்கத்தொகை கொடுத்துப் பரப்பிய முன்னோடிகளில் ஒன்று அன்றைய சென்னை மாநிலம். 1971-ல் எர்ணாகுளத்தில் ஒரே மாத முகாமில் 60 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்கள் செய்துகொண்டார்கள். அதைக் குலைத்தது நெருக்கடி நிலை. 1976-77-ல் நாடு முழுவதும் நடந்த சுமார் 82 லட்சம் கருத்தடைகளில் 62 லட்சம் ஆண்களுக்கு. அவற்றில் பல வற்புறுத்தலால் நடந்தவை. அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அதற்குப் பின் வந்த அரசுகள் ஆண்களிடம் பேசுவதையே விட்டுவிட்டுப் பெண்கள் பக்கம் திரும்பின. ஆண்கள் காதில் விழுந்ததெல்லாம் ‘விந்து விட்டான் நொந்து கெட்டான்’ என்ற பழைய சொலவடையும், பேருந்து நிலையக் கழிப்பறைச் சுவர்களில் ஒட்டியிருக்கும் ‘ஆண்மைக் குறைவா?’ துண்டுச்சீட்டும்தான். பயமுறுத்தி லேகியம் விற்பவர்கள் வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்துவிட்டார்கள். நம் சுகாதாரத் துறை ஆண்டில் இரண்டு வாரம் மட்டும் வருகிறது.

60 வயதுக்கு உட்பட்ட, திருமணமான, ஒரு வயதைக் கடந்த குழந்தை ஒன்றாவது உள்ள ஆண் இதைச் செய்துகொள்ளலாம். மறுபடி இணைக்க முடியும் என்றாலும் பலன் உறுதியில்லை. அதனால் இனி குழந்தை வேண்டாம் என்று இருவரும் தெளிவாக முடிவெடுத்த பிறகே வர வேண்டும். பால்வினை நோய்களை இது தடுக்காது.

ஆறாம், ஏழாம் மாதப் பரிசோதனைக்கு மனைவியோடு வரும் கணவரிடம் அன்றே இதைப் பேச வேண்டும், பிரசவ அறை வாசலில் வேண்டாம். பேசுபவர் ஆண் சுகாதார ஆய்வாளராக இருந்தால் கேள்விகள் தயங்காமல் வரும். விந்துப் பரிசோதனை நாளை அட்டையில் எழுதிக் கொடுத்து, கிராம சுகாதார செவிலியர் தொலைபேசியில் நினைவூட்ட வேண்டும். தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள்: அடுத்த நவம்பரில் முகாம் நடக்கும் மருத்துவமனையின் பெயரோடு, மூன்று மாதம் கழித்து எந்த ஆய்வகத்துக்கு, எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்பதையும் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
குடும்பநலப் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்ற செவிலியர்கள்,
திருச்சி மாவட்டம்.