அப்பாவுக்கு, சுவிஸ் லுசேர்னிலிருந்து

அன்புள்ள அப்பா,

நாங்கள் இருவரும் நல்ல சுகம். அம்மாவின் கால்வலி இப்போது எப்படி? மோட்டார் சைக்கிளில் மலைக்குப் போய்வந்தோம் என்று சொன்னதற்கு நீங்கள் தொலைபேசியில் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அன்றைக்குப் பதில் சொல்ல முடியவில்லை. இன்று லீவு, ஆறுதலாக இருந்து எழுதுகிறேன்.

முதலில் உயரம். பீதுருதாலகாலை 2,524 மீற்றர் என்று பள்ளிக்கூடத்தில் பாடமாக்கினோமே, இங்கே ஃபுர்க்கா கணவாயில் தார் வீதியே 2,429 மீற்றர் வரை ஏறுகிறது. நம் நாட்டின் உச்சிக்கு நூறு மீற்றர்கூடக் குறைவில்லை. அதில் பஸ்ஸும் ஓடுகிறது! குளிர்காலம் முழுக்கப் பனி மூடிக் கிடக்கும். ஜூன் மாதமளவில்தான் திறப்பார்கள். அதனால்தான் கோடை வந்ததும் மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிறவர்கள் எல்லாரும் மலைக்குப் பறக்கிறார்கள்.

அண்டர்மாட் என்ற மலையூர் வரைக்கும் எழுத ஒன்றுமில்லை. ஏரி, சுரங்கம், மழை, அவ்வளவுதான். அங்கிருந்து ஃபுர்க்கா, கிறிம்செல், சூஸ்டன் என்று மூன்று கணவாய்களையும் ஒரு சுற்றுச் சுற்றினால் ஏறக்குறைய 120 கிலோமீற்றர். ஒரே நாளில் ஓடி முடிக்கிற ஆட்கள் உண்டு. இவர் அப்படி இல்லை. வளைவுக்கு வளைவு நிறுத்தி, தேத்தண்ணி குடித்து, படம் எடுத்துத்தான் போவார். நீங்கள் பயந்த அளவுக்கு வேகமும் இல்லை. ஊருக்கு வெளியே 80தான் எல்லை, மலை வளைவில் அதில் பாதிகூடப் போக முடியாது.

இங்கே வலப்பக்கம் ஓட வேண்டும். பின்னால் இருந்த எனக்கே தொடக்கத்தில் எதிரே வருகிறவன் எல்லாம் எங்கள் பக்கத்தில் வருகிற மாதிரித்தான் தெரிந்தது. ஒரு கொண்டை ஊசி வளைவுக்குக் கிட்டப் போகும்போது, மேலேயிருந்து மூன்று சுரத்தில் ஹோர்ன் கேட்டது. இவர் உடனே ஓரம் கட்டிவிட்டார். மஞ்சள் தபால் பஸ். வளைவு முழுவதையும் அடைத்துக்கொண்டு திரும்பியது. சாரதி கையைக் காட்டிய பிறகுதான் நாங்கள் அசைந்தோம். இந்த மலை வீதிகளில் அந்தச் சாரதி காட்டுகிற சைகைக்கு மற்றவர்கள் கட்டுப்பட வேண்டும் என்று சட்டமே இருக்கிறதாம். மலைநாட்டில் அற்றனில் படிப்பித்த காலத்தில் எதிரே பஸ் வந்தால் நீங்கள் வீதியோரக் கானுக்குள் இறங்கி நின்ற கதைகள்தான் ஞாபகம் வந்தன.

ஃபுர்க்காவின் மறுபக்கம் இறங்கும்போது ஒரு வளைவில் பழைய ஹோட்டல் ஒன்று சன்னல்கள் அடைத்தபடி நிற்கிறது. அதற்குப் பக்கத்தில்தான் ரோன் பனியாறு. ஜெனீவா ஏரிக்குள் போய், பிரான்ஸைக் கடந்து மத்தியதரைக் கடலில் விழுகிற ரோன் நதி இங்கேதான் பிறக்கிறது. நீலமாய்ப் பளபளக்கும் என்று நினைத்துப் போனேன் அப்பா. பனிக்கு மேலே வெள்ளைத் துணி போர்த்தியிருக்கிறார்கள்! வெயிலில் உருகாமல் இருக்கவாம். கிட்டப் போய்ப் பார்த்தால் துணி அழுக்கேறி, இடையிடையே கிழிந்து தொங்குகிறது; அடியில் தண்ணீர் ஓடுகிற சத்தம். 19ஆம் நூற்றாண்டில் இந்தப் பனி கீழே கிளெச் பள்ளத்தாக்கு வரை இறங்கிக் கிடந்ததாம். இப்போது மேலே ஒதுங்கிவிட்டது, அதன் முன்னால் ஒரு குளமும் உண்டாகிவிட்டது. சுற்றுலாக்காரர் பார்க்கக் குகை குடைந்த இடத்தைக் காப்பாற்றத்தான் அந்தத் துணி. மலை முழுவதையும் யார் போர்த்துவது? இவர் படம் எடுக்கச் சொன்னார், எனக்கு மனம் வரவில்லை.

கொத்தார்டு கணவாய்க்கும் போனோம். மலைக்கு அடியால் கிட்டத்தட்ட 17 கிலோமீற்றர் சுரங்கம் 1980 முதல் இருக்க, நாங்கள் மேலால் போனோம். ஐரோலோ ஊர்ப் பக்கம் இறங்கும் பழைய திரேமோலா வீதி கருங்கல் பாவியது. 24 வளைவு. ஈரக் கல்லில் இவர் பிறேக்கைத் தொடவேயில்லை, கியரிலேயே இறக்கினார். நீங்கள் சொல்கிற அதே முறை. இடுப்பு மட்டும் கழன்றுவிட்டது. கீழே போனதும் எல்லாரும் இத்தாலி மொழி பேசுகிறார்கள். நான் பாடுபட்டுப் படித்த டொச் (ஜெர்மன் மொழி) அங்கே உதவவில்லை.

கடைசியாக ஒரு விசயம். என் இலங்கை லைசென்ஸில் இங்கே ஒரு வருடம்தான் ஓடலாம். அதற்குள் அதிகாரி முன் ஓடிக்காட்டி மாற்ற வேண்டும். அதில் தவறினால் பழகுநராகத் தொடக்கத்திலிருந்து வர வேண்டுமாம். நான் விண்ணப்பித்துவிட்டேன். அடுத்த கோடையில் எனக்கும் ஒரு மோட்டார் சைக்கிள், பழையதாகப் பார்க்கிறோம். அம்மாவிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லுங்கள், நான் சொன்னால் ஏசுவா.

வேறு விசேடமில்லை. மிளகாய்த்தூள் முடியப்போகிறது, யாராவது வந்தால் கொடுத்துவிடுங்கள்.

அன்பு மகள்