50 சதவீத ஸ்காலர்ஷிப் என்று சொல்லி என் பெயரில் கடன் எழுதிய பயிற்சி நிறுவனத்துக்கு

அனுப்புநர்
உங்கள் நீட் பயிற்சியில் சேர்ந்த மாணவியின் தாய்,
கரூர்.

பெறுநர்
வாடிக்கையாளர் குறைதீர் அலுவலர்,
தலைமை அலுவலகம்,
சென்னை.

நாள்: 01.09.2025

பொருள்: தவறான தகவல் சொல்லிச் சேர்த்தது, தெரிவிக்காமல் கடன் போட்டது, சொன்ன வகுப்பை நிறுத்தியது – பணத்தைத் திருப்பித் தரவும் கடனை முடித்துத் தரவும் கோருதல் தொடர்பாக.

ஐயா / அம்மா,

வணக்கம். என் மகள் அரசுப் பள்ளியில் பதினோராம் வகுப்பில் உயிரியல் – கணிதப் பிரிவு படிக்கிறாள். கடந்த மே மாதம் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த கையோடு உங்கள் கரூர் கிளையில் இரண்டு வருட நீட் பயிற்சிக்குச் சேர்த்தோம். நான் ஜவுளி ஏற்றுமதி கம்பெனியில் தையல் வேலை பார்க்கிறேன். என் வீட்டுக்காரர் லோடு வண்டி ஓட்டுகிறார். இரண்டு பேர் வீட்டிலும் காலேஜ் படியேறியவர்கள் கிடையாது. எங்களைப் போன்ற வீடுகளைத் தேடித்தான் உங்கள் ஆட்கள் வருகிறார்கள், அதனால்தான் இதையும் சொல்லிவைக்கிறேன்.

கிளையில் நேரில் கேட்டாயிற்று. ஆப்பில் புகார் போட்டாயிற்று. கஸ்டமர் கேரில் பேசியும் ஆயிற்று. கடைசியில் என் புகாருக்கு நேரே ‘தீர்வு காணப்பட்டது’ என்று போட்டு மூடிவிட்டார்கள். என்ன தீர்வு என்று எனக்கு மட்டும் தெரியவில்லை. அதனால் தலைமை அலுவலகத்துக்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த ஸ்காலர்ஷிப் தேர்வு. ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபத்தில் வைத்தீர்கள். பிள்ளைகள் எழுதி முடித்ததும் பெற்றோருக்குக் கூட்டம் போட்டு, பெரிய திரையில் டாக்டர் கோட்டு போட்ட மாணவர்களைக் காட்டினீர்கள். கூட்டம் முடிந்து வாசலில் காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போதே எனக்கு எஸ்எம்எஸ் வந்துவிட்டது: ‘வாழ்த்துகள், உங்கள் மகள் 50 சதவீத ஸ்காலர்ஷிப் பெற்றிருக்கிறார்.’ பிள்ளைகள் வட்டம் போட்ட ஓஎம்ஆர் விடைத்தாள்களை அடுக்கிய அட்டைப்பெட்டி அப்போதும் மேடை மேல்தான் இருந்தது. யாரும் அதைத் தொட்டதாகவே தெரியவில்லை. எங்கள் தெருவிலிருந்து வந்த மற்ற பிள்ளைகளுக்கும் அதே 50 சதவீதம்தான். அதில் ஒரு பையன் பாதிக் கேள்விக்குக் கண்ணை மூடிக்கொண்டு வட்டம் போட்டேன் என்று அவனே சொல்லிச் சிரிக்கிறான்.

கட்டணம் 2,40,000 ரூபாய், ஸ்காலர்ஷிப் போக 1,20,000 என்று சீட்டு எழுதினார்கள். 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு என்பது மண்டபத்தில் யார் வாயிலும் வரவில்லை. அது சேர்ந்து 1,41,600 ஆனது. சரி, பிள்ளை எழுதிச் சம்பாதித்த சலுகை என்று நினைத்துக்கொண்டோம். ஜூன் மாதம் என் தம்பி மனைவி ஈரோட்டில் உள்ள உங்கள் கிளைக்கு அவள் மகனுக்காக ஃபோன் போட்டாள். அந்தப் பையன் உங்கள் தேர்வு எதையும் எழுதவில்லை. அவனுக்குச் சொன்ன கட்டணமும் 1,20,000-தான், ‘இந்த வாரம் மட்டும்’ என்ற வாலோடு. அந்த வாட்ஸ்அப் செய்தியை இணைத்திருக்கிறேன். விலையைத் தூக்கிப் போட்டு ஆடித் தள்ளுபடி கொடுக்கும் துணிக்கடைக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்? துணிக்கடைக்காரர் யாருடைய பிள்ளையையும் மூன்று மணி நேரம் பரீட்சை எழுத வைப்பதில்லை, அவ்வளவுதான்.

பயிற்சி நிறுவனங்களின் விளம்பரத்துக்கென்றே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் வழிகாட்டு நெறிமுறைகள் வெளியிட்டிருக்கிறது. கட்டணம், பணம் திருப்பித் தரும் விதி பற்றித் தவறாகச் சொல்லக் கூடாது, இன்றே சேராவிட்டால் போச்சு என்று பொய்யாக அவசரப்படுத்தக் கூடாது, ரேங்க் வாங்கிய பிள்ளையின் படத்தைப் போட்டால் அந்தப் பிள்ளை உங்களிடம் எந்தக் கோர்ஸ், எத்தனை நாள் படித்தது என்றும் போட வேண்டும் என்கிறது அது. உங்கள் கிளை வாசலில் இருக்கும் ஃபிளெக்ஸில் இதில் ஒன்றுகூட இல்லை. அந்த ஃபிளெக்ஸில் சிரிக்கும் பையன் பஸ் ஸ்டாண்ட் பக்கம் இன்னொரு பயிற்சி மையத்தின் ஃபிளெக்ஸிலும் சிரித்துக்கொண்டிருக்கிறான். அவன் எங்கேதான் படித்தான் என்று அவனைக் கண்டால் கேட்க வேண்டும்.

அடுத்தது கடன். இதுதான் என்னைத் தூங்கவிடாத விஷயம். சேர்க்கை அன்று 20,000 ரூபாய் ரொக்கமாகக் கட்டினேன். மீதியை மாதத் தவணையாகக் கட்டலாம், வட்டியே கிடையாது என்றார் உங்கள் கவுன்சிலர். தவணை என்றால் உங்களுக்குக் கட்டும் தவணை என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவர் என் ஃபோனை வாங்கினார், ஆதார், பான் கார்டைப் படம் எடுத்தார், ‘கண்ணைச் சிமிட்டுங்கம்மா’ என்று என் முகத்துக்கு நேரே ஃபோனைப் பிடித்தார். நடுநடுவே வந்த ஓடிபி-களை அவரே பார்த்துப் போட்டுக்கொண்டார். கேட்டதற்கு ‘அட்மிஷன் ரிஜிஸ்ட்ரேஷன்மா, எல்லாருக்கும் இப்படித்தான்’ என்றார். ஜூன் 5-ஆம் தேதி என் வங்கிக் கணக்கிலிருந்து 7,600 ரூபாய் போனது. எடுத்தது நான் பெயரே கேள்விப்படாத ஒரு நிதி நிறுவனம். விசாரித்தால், என் பெயரில் 1,21,600 ரூபாய்க்குக் கடன், 16 மாதத் தவணை. அந்தப் பணம் மொத்தமும் அவர்களிடமிருந்து உங்களுக்கு வந்து சேர்ந்தாயிற்றாம். ஒப்பந்தத்தை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டோம் என்கிறார்கள். அந்த மின்னஞ்சல் முகவரியை அன்றைக்கு உட்கார்ந்து உருவாக்கியதே உங்கள் ஆள்தான். பாஸ்வேர்ட் இன்றுவரை எனக்குத் தெரியாது.

மகளிர் சுய உதவிக் குழுவில் ஊக்குநராக இருந்து கணக்கு எழுதுகிறவள் நான். எங்கள் குழுவில் ஒருத்தி 5,000 ரூபாய் வாங்கினாலும் வட்டி எவ்வளவு, தவணை எத்தனை என்று எல்லோர் முன்னாலும் படித்துக் காட்டித் தீர்மான நோட்டில் எழுதிய பிறகுதான் கையெழுத்து. ஆப் வழியாகக் கடன் கொடுப்பவர்களுக்கு ரிசர்வ் வங்கி போட்டிருக்கும் விதிகளும் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்கின்றன: கடன் விவரம் அடங்கிய தாளை முன்கூட்டியே கொடுக்க வேண்டும், வேண்டாம் என்றால் அபராதம் இல்லாமல் விலகிக்கொள்ள ஒரு அவகாசம் தர வேண்டும். கடன் என்பதே தெரியாதவளுக்கு அவகாசம் இருந்து என்ன, இல்லாமல் என்ன.

தவணையை நிறுத்தினால் பவுன்ஸ் கட்டணம் விழும், கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று வங்கிகள் பார்க்கும் சிபில் மதிப்பெண் கெடும். நாளைக்கு என் மகள் காலேஜில் சேரும்போது வங்கியில் கல்விக் கடன் கேட்டால் கூடவே கையெழுத்துப் போட வேண்டியவள் நான். 7.5 லட்சம் ரூபாய் வரை சொத்து ஜாமீன் கேட்காமல் கல்விக் கடன் கொடுக்க வழி இருக்கிறது. அங்கே மேனேஜர் என் சிபிலைத்தான் முதலில் பார்ப்பார். அதையும் நினைத்துத்தான் பல்லைக் கடித்துக்கொண்டு ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்று தவணையும் போகவிட்டேன்.

இதையெல்லாம் விடப் பெரிய கேடு ஒன்று நடக்க இருந்தது. சேர்ந்த சில நாளில் உங்கள் கவுன்சிலர் ஃபோன் செய்து, மகளுக்கு அரசுப் பள்ளியில் டிசி வாங்கிவிடச் சொன்னார். உங்களோடு ஒப்பந்தம் போட்ட தனியார் பள்ளி ஒன்று இருக்கிறதாம், அதில் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு முழு நாளும் உங்களிடமே படிக்கலாமாம். ‘கவர்மென்ட் ஸ்கூல்ல இருந்தா நீட் பாஸ் பண்ண முடியாதும்மா, மீதியை நாங்க பார்த்துக்கறோம்’ என்றார். நான் டிசி கேட்கப் பள்ளிக்குப் போனபோது தலைமை ஆசிரியை அம்மா எழுந்தே நின்றுவிட்டார்.

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிலேயே படித்த பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. 2020-இல் தமிழ்நாடு அரசு சட்டம் போட்டுக் கொண்டுவந்தது. அதில் இடம் கிடைத்தால் தனியார் கல்லூரியாக இருந்தாலும் கட்டணத்தை அரசே ஏற்கிறது. 2021-இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் என்று மற்ற படிப்புகளுக்கும் இதே 7.5 சதவீதம் வந்தது. பெண் பிள்ளை என்பதால் காலேஜ் போன பிறகு புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் கிடைக்கும். இரண்டு வருடம் பாக்கி இருக்கும்போது டிசி வாங்கியிருந்தால் இத்தனையும் என் மகளுக்கு ஒரே நாளில் போயிருக்கும். நீட் பயிற்சி நிறுவனம் நடத்துகிறவர்களுக்கு இந்த ஒதுக்கீடு தெரியாது என்று சொன்னால் நான் நம்பத் தயாராக இல்லை. தெரிந்துதான் டிசி வாங்கச் சொன்னீர்களா என்பதற்கு எனக்கு எழுத்தில் பதில் வேண்டும்.

அதே கவுன்சிலர் சொன்ன இன்னும் இரண்டு விஷயம். முதல் பட்டதாரி சான்றிதழ் இருந்தால் உங்கள் கட்டணத்தில் பாதியை அரசு திருப்பிக் கொடுக்கும் என்றார். அந்தச் சலுகை கலந்தாய்வு மூலம் சேரும் தொழிற்படிப்பின் கல்லூரிக் கட்டணத்துக்கு. பயிற்சி மையத்துக்கு ஒரு ரூபாய் வராது. இன்ஜினியரிங்குக்கும் இனி ஜேஇஇ (ஐஐடி போன்ற மத்திய அரசுக் கல்லூரிகளுக்கான நுழைவுத் தேர்வு) மதிப்பெண் இல்லாமல் அண்ணா பல்கலைக்கழகக் கவுன்சிலிங்கில் உட்கார முடியாது, அதனால் அந்தப் பயிற்சியையும் சேர்த்து எடுங்கள் என்றார். தமிழ்நாட்டில் பொறியியல் நுழைவுத் தேர்வு 2007-இலேயே போய்விட்டது. பிளஸ் டூவில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200-க்குக் கட் ஆஃப் போட்டுத்தான் கவுன்சிலிங் நடக்கிறது. இதை எங்கள் தெரு மளிகைக் கடைக்காரர்கூடச் சொல்லுவார், அவர் பெண் இப்போது அப்படித்தான் படிக்கிறாள்.

அந்தக் கவுன்சிலர் தம்பி ஒருவரைக் காவு கொடுத்து நீங்கள் தப்பித்துக்கொள்ள வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். அவர் மேசைக் கண்ணாடிக்கு அடியில் ‘இந்த வார டார்கெட்: 12 அட்மிஷன்’ என்று ஒரு தாள் இருந்தது. மேலே இருந்து சொல்லாமல் யாரும் அப்படி எழுதி வைத்துக்கொள்வதில்லை.

இவ்வளவுக்கும் பிறகு வகுப்பாவது நடந்ததா என்றால், சனி, ஞாயிறு நேரடி வகுப்பு என்று சொல்லித்தான் சேர்த்தீர்கள். ஜூன் நடுவில் ஆரம்பித்தது, ஜூலை கடைசியோடு நிறுத்தினீர்கள். ஆள் போதவில்லையாம். வார நாள் வகுப்பு உங்கள் ஒப்பந்தப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டுமாம். எங்களுக்கு ஆப்பில் பதிவு செய்த வீடியோ. சந்தேகம் கேட்கும் வகுப்பு இரவு 10 மணிக்கு, இந்தி கலந்த ஆங்கிலத்தில். அதையும் என் மகள் உட்கார்ந்து பார்த்தாள், கேட்ட சந்தேகம் அப்படியே நிற்கிறது. இப்போது அரசு நடத்தும் இலவச நீட் பயிற்சியில் தமிழில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்று ஆசிரியை சொல்லியிருக்கிறார்.

பணத்தைக் கேட்டால், 15 நாள் தாண்டினால் திருப்பித் தர மாட்டோம், அதிலும் ஸ்காலர்ஷிப் மாணவர்களுக்குக் கிடையவே கிடையாது என்று ரசீதின் பின்பக்கத்தைக் காட்டுகிறார்கள். எறும்பு எழுத்தில் ஆங்கிலத்தில் இருக்கிறது. பாதியில் விலகும் மாணவருக்கு மீதிக் காலத்துக்கான பணத்தை 10 நாளில் திருப்பித் தர வேண்டும் என்று மத்தியக் கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் பயிற்சி மையங்களுக்கு வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. இங்கே விலகியது நாங்கள்கூட இல்லை, வகுப்பை நிறுத்தியது நீங்கள்.

என் கணக்கு இதுதான். 1,41,600 ரூபாயை 24 மாதத்துக்கு வகுத்தால் மாதம் 5,900. வகுப்பு நடந்தது ஒன்றரை மாதம், அதற்கு 8,850 ரூபாய் எடுத்துக்கொள்ளுங்கள். நான் இதுவரை கொடுத்தது 20,000 முன்பணமும் 22,800 தவணையும், ஆக 42,800. மீதி 33,950 ரூபாயை என் வங்கிக் கணக்கில் போடுங்கள். நிதி நிறுவனத்திடம் நீங்கள் வாங்கிய பணத்தை நீங்களே திருப்பிக் கட்டி, என் பெயரில் கடன் பாக்கி இல்லை என்ற சான்றிதழை வாங்கிக் கொடுங்கள். சிபிலில் ஒரு கீறல்கூட இருக்கக் கூடாது. என் ஆதார், பான் நகல்களையும் அந்த மின்னஞ்சல் கணக்கையும் அழித்துவிட்டதாக எழுதிக் கொடுங்கள். புத்தகங்கள் அட்டைகூடக் கிழியாமல் இருக்கின்றன, வந்து எடுத்துக்கொள்ளலாம். செப்டம்பர் 5 அன்று அடுத்த தவணை எடுப்பார்கள். அதற்குள் நிறுத்தச் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அந்த 7,600-ஐயும் மேலே சொன்ன தொகையோடு சேர்த்துக்கொள்ளவும்.

15 நாள் பார்ப்பேன். அதற்குள் முடியாவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, கரூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் வரை கட்டணமும் இல்லை. நிதி நிறுவனத்துக்குத் தனிக் கடிதம் அனுப்பியாயிற்று. 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் அது போகும். எங்கள் தெருவில் அதே 50 சதவீதம் வாங்கிய மற்ற வீட்டுக்காரர்களும் தங்கள் பாஸ்புக்கை இப்போதுதான் எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், அவர்கள் கடிதமும் வரலாம்.

பதிலை எழுத்தில், தமிழில் அனுப்பவும். ஃபோன் வேண்டாம், ஒவ்வொரு முறையும் வேறு ஒருவர் எடுத்து என்னை முதலிலிருந்து சொல்லச் சொல்கிறார்.

இப்படிக்கு,
மாணவியின் தாய்

இணைப்பு: கட்டண ரசீது இருபக்க நகல், ஸ்காலர்ஷிப் எஸ்எம்எஸ், ஈரோடு கிளையின் வாட்ஸ்அப் செய்தி, மூன்று தவணையும் காட்டும் பாஸ்புக் பக்கம், வார இறுதி வகுப்பை நிறுத்தியதாக வந்த குறுஞ்செய்தி.