வண்டு வந்த கதையும் உன் கேள்வியும்

அன்பு நண்பா,

உன் மெயிலை ராத்திரியே படித்துவிட்டேன், ஆனால் பதில் எழுத உட்கார ஞாயிற்றுக்கிழமை வரவேண்டியிருந்தது. பேரன் நடக்க ஆரம்பித்துவிட்டான், உன் முட்டிதான் உன்னை நடக்க விடவில்லை என்று இரண்டையும் ஒரே வரியில் எழுதியிருக்கிறாய், சிரிப்பதா வருத்தப்படுவதா தெரியவில்லை. தங்கச்சி சொல்வதைக் கேட்டு எக்ஸ்ரே எடுத்துவிடு.

இங்கே பெஸ்தாரி ஜெயாவில் (நமக்கு அது என்றைக்கும் பத்தாங் பெர்ஜுந்தைதான்) எல்லாரும் சுகம். பசார் பக்கத்துச் சைக்கிள் கடை இப்போது கைப்பேசிக் கடை. தோட்டத்தில் நம் லயத்து வீடுகள் இருந்த இடத்தில் செம்பனை (பாமாயில் மரம்) மறுநடவு முடிந்து கன்று இடுப்பளவு நிற்கிறது. கோயிலை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். ஆடித் திருவிழாவுக்கு கிள்ளான், ஷா ஆலாம் என்று போனவர்கள் எல்லாம் வந்துவிடுகிறார்கள், நீதான் வருவதில்லை.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். ஓய்வு பெறப் போகிற நேரத்தில் தொழிற்சாலையில் உன்னைப் பயிற்சிக்கு அனுப்பி, வண்ணச் சீட்டுகளில் யோசனை எழுதிச் சுவரில் ஒட்டச் சொல்லி, படைப்பாற்றல், புத்தாக்கம் என்று பேசிக்கொண்டே இருந்தார்கள், கடைசிவரை இரண்டுக்கும் என்ன உறவு என்று விளங்கவில்லை என்கிறாய். செம்பனை ஆலையில் ஃபிட்டராகவே ஆயுசைக் கழித்தவனிடம் இதைக் கேட்கிறாயே என்று முதலில் நினைத்தேன். அப்புறம் யோசித்துப் பார்த்தால், இந்த விஷயத்தைப் பேச நம் தோட்டத்தைவிட நல்ல இடம் இல்லை என்று தோன்றியது.

படித்தவர்கள் சொல்வதை முதலில் சொல்லிவிடுகிறேன். தியடோர் லெவிட் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1963-லேயே இதைப் பிரித்துக் காட்டிவிட்டார். புதிதாக யோசிப்பது ஒன்று, புதிதாகச் செய்வது இன்னொன்று. யோசனையை அள்ளி வீசிவிட்டு, அதை நடத்திக் காட்டும் பாட்டை அடுத்தவன் தலையில் கட்டுகிற ஆட்களை அவர் நன்றாகவே வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறார். பிறகு வந்த தெரேசா அமாபில், புதுமையும் பயனும் சேர்ந்த யோசனை பிறப்பது படைப்பாற்றல், அதை ஒரு நிறுவனத்துக்குள் வெற்றிகரமாக நடைமுறைக்குக் கொண்டுவருவது புத்தாக்கம், முதலாவது இல்லாமல் இரண்டாவது இல்லை, ஆனால் முதலாவது மட்டும் போதாது என்றார். உன் பயிற்சியில் சொன்னதும் இதுவாகத்தான் இருக்கும். தப்பில்லை. ஆனால் யோசனைக்கும் நடைமுறைக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்பதை இந்த விளக்கம் சொல்வதில்லை, நமக்கு வேண்டியதோ அந்த நடுப்பகுதிதான்.

உன் அம்மாவும் என் அம்மாவும் செம்பனைக்குப் பவுடர் ஊதப் போவார்களே, ஞாபகம் இருக்கிறதா? ஆண் பூவின் மகரந்தத்தை டால்க் பவுடரில் கலந்து, பிதுக்கினால் ஊதுகிற குப்பியில் போட்டுக்கொண்டு, மரம் மரமாகப் போய், மட்டை முள்ளுக்குள் கையை விட்டு, மலர்ந்திருக்கும் பெண் பூவில் ஊத வேண்டும். பெண் பூ சில நாள்தான் மலர்ந்திருக்கும் என்பதால் அதே நிரைக்குத் திரும்பத் திரும்பப் போக வேண்டும். சாயங்காலம் அம்மா வரும்போது கையெல்லாம் கீறலும் வெள்ளைத் தூளுமாக இருக்கும். அப்போது நமக்கு அது ஒரு வேலை, அவ்வளவுதான். செம்பனைக்கு மனுஷன் ஏன் மகரந்தம் ஊத வேண்டும் என்று நீயும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

செம்பனை மேற்கு ஆப்பிரிக்கத்து மரம். 1848-இல் போகோர் தாவரத் தோட்டத்துக்கு நான்கு கன்றுகள் வந்தன, அந்த வழியாகத்தான் இந்தப் பக்கம் பரவியது. மலாயாவில் வியாபாரத்துக்கென்று முதலில் நட்டது 1917-இல், நம் ஊர் தென்னமரம் தோட்டத்தில். மரம் வந்ததே தவிர, அங்கே அதன் பூவில் வாழ்ந்து மகரந்தத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்த பூச்சி கூட வரவில்லை. ஆனால் செம்பனைக்குக் காற்றுதான் மகரந்தம் கொண்டுபோகிறது என்பது அந்தக் காலத்து நிபுணர்களின் முடிவு. காற்று போதாத இடத்தில் பெண்களின் கை.

யூனிலிவர் தோட்டங்களில் வேலை பார்த்த லெஸ்லி டேவிட்சன் என்ற துரை ஆப்பிரிக்காவில் கேமரூன் நாட்டில் இருந்தபோது, ஆண் பூக்களில் சின்னச் சின்னக் கூன்வண்டுகள் மொய்ப்பதைப் பார்த்தார். அங்கே யாரும் பவுடர் ஊதவில்லை, ஆனாலும் குலை நன்றாகக் காய்த்தது. மலேசியாவில் இல்லாதது இதுதானோ என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. சொல்லிப் பார்த்தார். காற்றுதான், வேறொன்றும் இல்லை என்று பதில் வந்தது, விஷயம் அங்கேயே நின்றுவிட்டது.

நிற்க. படைப்பாற்றல் என்று உன் பயிற்சியில் சொல்லும் பங்கு இங்கேயே முடிந்துவிட்டது பார். எல்லாரும் பார்த்த பூச்சியை ஒருவர் வேறு மாதிரி பார்த்தார், சரியான கேள்வியும் கேட்டுவிட்டார். அதனால் அம்மாவின் கையில் ஒரு கீறல்கூடக் குறையவில்லை. எத்தனையோ வருஷம் கழித்து 1970-களில் அதே டேவிட்சன் அந்தத் தோட்டங்களுக்கெல்லாம் தலைமைப் பொறுப்புக்கு வந்த பிறகுதான், ரஹ்மான் சையத் என்ற பூச்சியியல் அறிஞரைக் கேமரூனுக்கு அனுப்பி ஆராயச் சொல்ல முடிந்தது. யோசனை அதே யோசனைதான், தலையும் அதே தலைதான். மாறியது அவர் உட்கார்ந்திருந்த நாற்காலி.

சையத் செய்தது பளிச்சென்ற வேலை இல்லை, பொறுமையான வேலை. மகரந்தம் கொண்டுபோவது வண்டுதானா என்று நிரூபிக்க வேண்டும், வேறு பயிரைத் தின்னாது என்று காட்ட வேண்டும், நோய் எதுவும் கூட வராமல் தனிமைப்படுத்தி வளர்க்க வேண்டும், அரசாங்கத்தின் அனுமதி வாங்க வேண்டும். 1981-இல் ஜொகூரில் குளுவாங் பக்கம் வண்டைத் திறந்துவிட்டார்கள். அது தானாகவே தோட்டம் தோட்டமாகப் பரவியது, குலை கனத்தது, பவுடர் குப்பிக்கு வேலை இல்லாமல் போயிற்று. ஒரு புத்தாக்கம் இவ்வளவு சுத்தமாக வெற்றி பெற்று நான் கேள்விப்பட்டதில்லை.

ஆனால் பாதிப்பு இல்லாமலும் இல்லை. அம்மாவை உதிரிப்பழம் (குலையிலிருந்து கீழே உதிர்ந்த பழம்) பொறுக்கப் போட்டார்கள், குனிந்து குனிந்து இடுப்பு போனது அதற்கப்புறம்தான். நான் ஆலையில் சேர்ந்தபோது பெரியவர்கள் இன்னொன்றும் சொல்வார்கள்: வண்டு வந்த பிறகு குலையில் காய் நெருக்கமாகப் பிடித்து இறுகிவிட்டதால், ஆவியில் வேகவைத்தாலும் உள்காய் லேசில் உதிராமல் ஆலை திணறியதாம். வேகவைக்கிற நேரத்தை மாற்றி, ஆவியை விட்டு விட்டு ஏற்றி, எப்படியோ ஓட்டினார்கள். அந்தச் சின்னச் சின்ன மாற்றங்களை எல்லாம் யார் யோசித்தார்கள் என்று எங்கும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள். பெரிய புத்தாக்கம் ஒன்று உள்ளே வந்தால், அது உடைத்துப்போடுவதைச் சரிபண்ண நூறு பேரின் சின்ன யோசனை வேண்டியிருக்கிறது. யோசனை முதலில், நடைமுறை பின்னால் என்று உன் பயிற்சியில் அம்புக்குறி போட்டார்களே, அந்த அம்பு திரும்பியும் வரும் என்று அவர்களிடம் சொல்.

கித்தா (ரப்பர்) மரத்துக் கதையும் இதே ஜாதிதான், ஆனால் அங்கே காத்திருந்தது நாற்காலிக்காக இல்லை, காலத்துக்காக. ஹென்றி ரிட்லி என்ற ஆங்கிலேயத் தாவரவியல் அறிஞர் 1888-இல் சிங்கப்பூர் தாவரத் தோட்டத்துக்குப் பொறுப்பேற்றார். மரம் சாகாமல் பட்டையை மெல்லியதாகச் சீவி, அதே கோட்டைத் திரும்பத் திரும்பத் திறந்து பால் எடுக்கும் முறையைக் கண்டுபிடித்தார். நம் அப்பாக்கள் விடியற்காலையில் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு வெட்டியதற்கெல்லாம் மூலம் அதுதான். ஆனால் அன்றைக்குத் துரைமார்களுக்குக் காப்பிதான் பயிர். சட்டைப் பையில் விதையைப் போட்டுக்கொண்டு நடுங்கள் நடுங்கள் என்று கெஞ்சித் திரிந்தவருக்கு ‘பைத்தியக்கார ரிட்லி’ என்ற பட்டம்தான் கிடைத்தது. 1896-இல் மலாக்காவில் டான் சே யான் என்பவர் துணிந்து கித்தா நட்டார். காப்பி விலை சரிந்து, மோட்டார் கார் வந்து, டயருக்கு ரப்பர் வேண்டும் என்ற பிறகுதான் மற்றவர்கள் ஓடி வந்தார்கள். அந்தக் காற்றடைத்த டயரையும் பார், 1888-இல் டன்லப் செய்ததைத்தான் உலகம் கொண்டாடுகிறது. ராபர்ட் தாம்சன் 1845-லேயே அதற்குக் காப்புரிமை வாங்கி வைத்திருந்தார். அப்போது அதை மாட்ட சைக்கிளும் இல்லை, காரும் இல்லை.

இன்னொரு சந்தேகமும் எனக்கு உண்டு. அமாபில் சொல்வதுபோல் படைப்பாற்றல் இல்லாமல் புத்தாக்கம் இல்லையா? கித்தா பிரேசிலில் இருந்து வந்தது, செம்பனை ஆப்பிரிக்காவில் இருந்து வந்தது, வண்டும் அங்கிருந்துதான். யாரும் உருவாக்கவில்லை, இடம் மாற்றினார்கள். ஓர் இடத்தில் பழையது இன்னோர் இடத்துக்குப் புதிது, ‘இது அங்கே பொருந்தும்’ என்று பார்க்கிற கண்ணையும் படைப்பாற்றலில் சேர்த்தால்தான் அவர் கணக்கு சரியாக வரும். நான் சேர்த்துக்கொள்கிறேன்.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், போன மாதம் ஒரு தமிழ்ப்பள்ளியில் பிள்ளைகளின் புத்தாக்கக் கண்காட்சிக்கு என்னையும் நீதிபதியாகக் கூப்பிட்டிருந்தார்கள். ஐந்தாம் ஆண்டுப் பெண் ஒருத்தி உதிரிப்பழம் பொறுக்க ஒரு கருவி செய்திருந்தாள். நீளமான பிடி, முனையில் உருளும் கம்பிக்கூடு, உருட்டினால் கம்பி விலகிப் பழம் உள்ளே போய்விடும், குனிய வேண்டாம். பாட்டி குனிய முடியாமல் தவிப்பதைப் பார்த்துச் செய்தாளாம். கூட இருந்த இன்னொரு நீதிபதி கைப்பேசியில் தேடி, இந்த மாதிரி ஏற்கெனவே விற்கிறது, புதிதில்லை என்று மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார். எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. ஒருவருக்குத் தன் அளவில் புதிதாகத் தோன்றுவதும் மனித வரலாற்றிலேயே முதல் தடவையாகத் தோன்றுவதும் வேறு வேறு, ஆனால் இரண்டும் படைப்பாற்றல்தான் என்று மார்கரெட் போடன் என்ற ஆங்கிலேயப் பேராசிரியை பிரித்துக் காட்டியிருக்கிறார். அந்தப் பெண் எங்கும் பார்க்காமல் தானே அங்கே போய்ச் சேர்ந்தாள் என்றால் அவள் மூளை செய்த வேலையில் என்ன குறை? சொல்லிப் பார்த்தேன், பரிசு எல்.இ.டி. விளக்கு எரிகிற குப்பைத்தொட்டிக்குப் போனது.

அதற்காக அவள் செய்தது புத்தாக்கம் ஆகிவிட்டது என்றும் சொல்லமாட்டேன். புல்லுக்குள் கிடக்கும் பழத்தை அந்தக் கம்பி எடுக்குமா, மழை பெய்த மண்ணில் சேறு அடைக்காதா, வேலையாள் கையால் பொறுக்குவதைவிட வேகமா என்பதெல்லாம் பள்ளி மண்டபத்துச் சிமெண்டுத் தரையில் தெரியாது.

அதனால் உன் மேலாளர் அடுத்த தடவை வண்ணச் சீட்டைக் கையில் கொடுத்தால், யோசனை எழுதுவதற்கு முன்னால் அவரிடமே கேள். இதைச் சோதித்துப் பார்க்க நேரமும் காசும் யார் தருவது, சரி என்று சொல்கிற அதிகாரம் யாரிடம், இது வந்தால் யாருடைய வேலை போகும், அந்த ஆளிடம் பேசியாயிற்றா? நான் இருந்த ஓர் ஆலையில் ஆலோசனைப் பெட்டி என்று ஒன்று மாட்டி வைத்திருந்தார்கள், எல்லாரும் எழுதிப் போட்டோம், கடைசியில் பெட்டியின் சாவியே யாரிடம் இருக்கிறது என்று தெரியவில்லை. யோசனைப் பஞ்சம் எந்தத் தொழிற்சாலையிலும் கிடையாது என்பது என் கட்சி.

அந்தப் பெண்ணின் அப்பாவிடம் பேசிவிட்டேன். நம் தோட்டத்துப் பழைய கிராணியின் (கணக்குப்பிள்ளை) மகன் ஈஜோக் பக்கம் கொஞ்சம் செம்பனை வைத்திருக்கிறான், அவன் நிலத்தில் அந்தக் கருவியை ஓட்டிப் பார்க்கப் போகிறோம், பிள்ளையும் கூட வருகிறாள். இப்போது இருக்கிற கம்பி சீக்கிரம் வளைந்துவிடுகிறது. உங்கள் தொழிற்சாலையில் கழித்துப்போடுகிற ஸ்ப்ரிங் கம்பி, மெல்லியதாக, துருப்பிடிக்காததாக இருந்தால் கேட்டு வாங்கி வை. திருட வேண்டாம், கேட்டு வாங்கு. தீபாவளிக்கு வரும்போது கொண்டுவந்தால் போதும். என்ன தடிமன் என்று அளந்து அடுத்த மெயிலில் எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் பக்கத்து மேசைக்காரன்