அப்பாவுக்காக நனைந்தவர்களுக்கு

அன்புடையீர்,

சென்ற மாதம் பாஸ்டனுக்கு அருகில் உள்ள எங்கள் வீட்டுப் புல்வெளியில், ஏ.எல்.எஸ். என்ற, தசைகளை மெல்ல மெல்லச் செயலிழக்கச் செய்யும் நரம்பு நோய் கண்ட அப்பாவின் சக்கர நாற்காலிக்கு முன்னால் நின்று ஐஸ் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்ட ஒவ்வொருவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. நனைந்ததோடு நில்லாமல் நன்கொடையும் அனுப்பியவர்கள், ஊரிலிருந்து காணொளி அனுப்பிய உறவினர்கள், முறைவைத்து அப்பாவைப் பார்த்துக்கொண்ட தோழிகள் என எல்லோருக்கும் கடன்பட்டிருக்கிறோம். இதே மாசசூசெட்ஸின் பெவர்லி ஊரைச் சேர்ந்த, இதே நோய் கண்ட பீட் ஃப்ரேட்ஸும் அவருடைய நண்பர்களும் பரப்பிய இந்த ஐஸ் பக்கெட் சவாலால், ஆகஸ்ட் முடிவதற்குள் அமெரிக்க ஏ.எல்.எஸ். சங்கத்துக்கு 10 கோடி டாலருக்கு மேல் சேர்ந்திருக்கிறது. சென்ற ஆண்டு இதே ஒரு மாதத்தில் வந்தது 28 லட்சம்தான். 1995இல் வந்த ரிலுசோலை விட்டால் இந்த 2014 வரை வேறு மருந்தில்லை என்ற நிலை மாறும் என்று நம்பத் தொடங்கியிருக்கிறோம்.

ஆனால், இந்த மடலை எழுத உட்கார்ந்ததே எதிர்வீட்டுக் கல்லூரி மாணவிக்காகத்தான். வாரக் கடைசித் தமிழ்ப் பள்ளியில் எழுதப் படிக்கக் கற்றவள். அன்று ஈரத் தலையோடு அப்பாவின் அருகில் நின்றவள், பேச்சிழந்த அப்பா கண்ணால் எழுத்தைக் காட்டுவதற்காக நான் ஆங்கில எழுத்துப் பலகையைப் பிடித்திருப்பதையும், வாழ்நாளெல்லாம் தமிழ் கற்பித்தவர் தம் சொல்லை அந்த எழுத்துகளில் தேடிச் சலித்துப் பாதியிலேயே கண்ணை மூடிக்கொள்வதையும் பார்த்திருக்கிறாள். மூன்றாம் நாள் மாலை ஓர் ஒளிபுகும் பிளாஸ்டிக் தகட்டோடு வந்தாள். இடப்பக்கம் 18 மெய்கள், வலப்பக்கம் 12 உயிர்கள், நடுவில் மேலே பெரிய புள்ளி ஒன்று. மெய்யை ஒரு முறையும் உயிரை ஒரு முறையும் பார்த்தால் உயிர்மெய் கிடைத்துவிடும். எதிரில் இருந்து படிக்கும் நமக்கு எழுத்துகள் இடவலம் மாறித் தெரிந்தாலும், அப்பாவுக்கு நேராகவே இருக்கும்.

அவர் முதலில் க-வைப் பார்த்தார். பிறகு ஆ. பிறகு ப, புள்ளி. மீண்டும் ப, இ. "காப்பியா அப்பா?" என்று கேட்டேன். இமைக்காமல் அடுத்த சொல்லுக்குப் போனார்: கொடு. குழாய் வழியாக உணவேற்கும் அவர் தமக்காகக் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்த பிள்ளைக்கு நான் ஒரு வாய் காப்பிகூடக் கொடுக்காமல் நின்றிருந்ததைக் கவனித்திருக்கிறார். இத்தனை மாதங்களும் இவ்வளவையும் கவனித்துக்கொண்டு, சொல்ல வழியில்லாமல் இருந்திருக்கிறார் என்று எண்ணியபோது எனக்கு அழுகையை அடக்க முடியவில்லை.

இந்நோயோடு போராடும் தமிழ்க் குடும்பம் எங்கிருந்து கேட்டாலும், இதே போன்ற தகட்டை என் கையாலேயே எழுதி அனுப்புவேன். முதல் இரண்டு தயாராக இருக்கின்றன.

நன்றியுடன்,
ஒரு மகள்
செப்டம்பர் 2014