வாலாஜா டோல் மெசேஜ்

கோவில்பட்டி,
ஞாயிறு காலை

அன்பு மகன் கார்த்திக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். நீயும் தேவியும் பாப்பாவும் அங்கே நலமாக இருக்க வேண்டும். போனில் கூப்பிட்டால் மீட்டிங்கில் இருக்கிறேன், அப்புறம் கூப்பிடுகிறேன் என்கிறாய். வாட்ஸ்அப்பில் எழுதினால் நீல டிக் விழுகிறது, பதில் வருவதில்லை. அதனால்தான் பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அம்மாவுக்கு சுகர் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. அக்கா போன வாரம் வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனாள். அந்த இடத்து விஷயம் அப்படியேதான் கிடக்கிறது, சித்தப்பா இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

நீ அனுப்பிய கார் படத்தைப் பார்த்தேன். ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ, 2017 மாடல், 68,000 கிலோமீட்டர், இரண்டாவது ஓனர், சிவப்பு. கீழே "ஹாட் ஹேட்ச்பா", அதாவது வேகமான சின்ன கார், என்று ஒரு வரி எழுதியிருந்தாய். இரண்டு மாதத்தில் நீயாக எழுதிய ஒரே வரி அதுதான். அதனால் அந்த வண்டியைப் பற்றி நன்றாக விசாரித்துவிட்டுத்தான் பதில் எழுத வேண்டும் என்று இருந்தேன்.

நம்ம பட்டறை அண்ணாச்சியிடம் அதே வண்டி ஒன்று வேலைக்கு வந்திருந்தது. ஓனரிடம் கேட்டுவிட்டு எட்டயபுரம் வரை ஓட்டிக்கொண்டு போய் வந்தேன். 33 வருஷம் பஸ் ஓட்டிய காலுக்கு அது வேறு உலகம்தான். ஆக்ஸிலரேட்டரில் பாதி அழுத்தியதுமே முதுகு சீட்டோடு போய் ஒட்டிக்கொள்கிறது. 1.2 லிட்டர் இன்ஜின்தான், ஆனால் டர்போ இருப்பதால் 105 குதிரைத் திறன். லாரியை ஓவர்டேக் எடுக்கும்போது எதிர்வண்டிக்கு முன்னால் உள்ளே வந்துவிடலாம். கதவைச் சாத்தினால் இரும்புப் பெட்டியை மூடிய மாதிரி சத்தம். இரண்டு ஏர்பேக் உள்ள போலோவுக்கு 2014 குளோபல் என்கேப் மோதல் சோதனையில் நாலு ஸ்டார், ஏர்பேக் இல்லாததற்கு ஒரு ஸ்டார்கூட இல்லை என்று அண்ணாச்சி சொன்னார். நீ பார்த்திருக்கிற வண்டியில் ஏர்பேக் இருக்கிறது. உனக்கு வண்டி தெரிகிறது, அதில் எனக்குப் பெருமைதான்.

ஆனால் உன் ஓட்டத்தைக் கணக்குப் போட்டுப் பார். வேலூர் வீட்டுக்கும் ஸ்ரீபெரும்புதூர் வேலைக்கும் போக வர 200 கிலோமீட்டர். மாதம் 22 நாள் என்றால் 4,400. வருஷத்துக்கு 50,000-க்கு மேல். இன்றைக்கு 68,000 காட்டுகிற வண்டி அடுத்த வருஷம் இதே நாளில் 1,20,000-ஐ எட்டியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுக்கிறவனுக்கு வருகிற செலவு வேறு, உனக்கு வருகிற செலவு வேறு. 15,000 கிலோமீட்டருக்கு ஒரு சர்வீஸ் என்றால் உனக்கு மூன்றரை மாதத்துக்கு ஒரு தடவை. பெட்ரோல் 100 ரூபாய் என்று வைத்துக்கொள், லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுத்தால் மாதம் 29,000 ரூபாய் எண்ணெய்க்கே போய்விடும். நம் வேகன்ஆர் 20 கொடுக்கிறது, 22,000-க்குள் முடிகிறது.

அதைவிடப் பெரிய விஷயம் அந்த கியர்பாக்ஸ். டிஎஸ்ஜி என்கிறார்கள், கியர் தானாகவே மாறும். உள்ளே இரண்டு கிளட்ச். ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு ஒரு கிளட்சில், மற்ற கியரெல்லாம் இன்னொன்றில். அடுத்த கியரை முன்கூட்டியே பிடித்து வைத்துக்கொள்வதால் கண் இமைக்கும் நேரத்தில் மாறிவிடுகிறது. ஆனால் இதில் இருப்பது எண்ணெயில் ஊறாத உலர் கிளட்ச். ஹைவேயில் பிரச்சினை இல்லை. ஸ்ரீபெரும்புதூரில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து போகிறாயே, அங்கேதான் அது அரைக் கிளட்சிலேயே நின்று காய்கிறது. கிளட்ச் போனாலும் செலவு, அதை இயக்குகிற மெக்கட்ரானிக்ஸ் யூனிட் போனால் பேச்சே இல்லை, லட்சத்தில்தான் பில் வரும்.

அதனால் வண்டியைக் காலையில் போய்ப் பார். ராத்திரி முழுக்க நின்ற வண்டியாக இருக்க வேண்டும். முதலில் பானட்டில் கை வைத்துப் பார், சூடாக இருந்தால் எதையோ மறைக்க முன்கூட்டியே ஸ்டார்ட் பண்ணியிருக்கிறான். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் முதல் சில விநாடி காதைக் கொடுத்துக் கேள். கரகரவென்று சத்தம் வந்தால் இன்ஜினை மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். அப்புறம் ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் பிரேக்கை மட்டும் விட்டு ஊரவிடு. ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகும்போது வண்டி நடுங்கக் கூடாது. ரிவர்ஸில் ஒரு மேட்டில் ஏற்றிப் பார். ஸ்கேனர் போட்டு எரர் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதே.

இந்த மாதிரி வண்டி வாங்குகிற பையன்கள் ரீமேப் என்று ஒன்று பண்ணுகிறார்களாம். கம்ப்யூட்டரில் மாற்றி பவரை ஏற்றிவிடுவது. கம்பெனி கொடுத்த டார்க், அதாவது இழுவிசை, 175, அந்த கியர்பாக்ஸ் தாங்குவதே 250 வரைதான். ரீமேப் பண்ணிய வண்டி என்று தெரிந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் திரும்பி வந்துவிடு. இப்போது கழற்றிவிட்டோம் என்பான். கிளட்ச் பட்ட அடி பட்டதுதான்.

வண்டி சென்னை ரிஜிஸ்ட்ரேஷன் என்பதால் இன்னொன்றும் பார். 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளைக் கழுவி விற்றவர்கள் உண்டு. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார், வெளியே தெரிகிற பாகத்தைக் கழுவுவார்கள், சுருளுக்கு உள்ளே இருப்பதில் சேற்றுக் கோடு அப்படியே இருக்கும். ஸ்டெப்னி எடுத்துவிட்டு அந்தப் பள்ளத்தில் கை விட்டுப் பார். டயரில் நாலு எண் இருக்கும், 3519 என்றால் 2019-இல் 35-ஆவது வாரம் செய்தது. 68,000 என்று சொல்கிற வண்டியில் பிரேக் பெடல் ரப்பர் வழுவழுப்பாகத் தேய்ந்திருந்தால் மீட்டரைத் திருப்பியிருக்கிறான். ஆர்சியில் பேங்க் கடன் இருந்தால், கடன் தீர்ந்தது என்று பேங்க் கொடுக்கிற என்ஓசி வாங்காமல் பணம் கொடுக்காதே. சாத்தூர் மாமா பட்டது உனக்குத் தெரியும்.

என்னைக் கேட்டால் அதே போலோவில் ஜிடி டிடிஐ பார். 1.5 லிட்டர் டீசல், 110 குதிரைத் திறன், டார்க் 250, கையால் போடுகிற கியர். உன் ஓட்டத்துக்கு டீசல்தான் கணக்கு. பெட்ரோல்தான் வேண்டும் என்றால் 2020-இலிருந்து வந்த மூன்று சிலிண்டர் 1.0 டிஎஸ்ஐ, அதிலும் மேனுவல் எடு. போலோவையே 2022-இல் நிறுத்திவிட்டார்கள், அதனால் நல்ல வண்டிக்கு விலை விட மாட்டான். அவசரப்படாதே. காலையில் போய்ப் பார், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது.

வேகன்ஆர் என் பெயரில் இருப்பதால் ஃபாஸ்டேக் மெசேஜ் எனக்குத்தான் வருகிறது. உனக்கு அது ஞாபகம் இருக்கிறதா என்று தெரியவில்லை. காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, வாலாஜா டோல். முதலில் ராத்திரி 9 மணிக்கு வரும். இப்போது 11.40, 11.50. நீ வாடகை அறையை விட்டுவிட்டுத் தினமும் வேலூருக்கு வந்துவிட வேண்டும் என்று முடிவு செய்தபோது நான் எதிர்த்தேன், ஆனால் மனதுக்குள் சந்தோஷப்பட்டேன். பிள்ளை தூங்கிய பிறகாவது அதன் முகத்தைப் பார்க்க வருகிறான் என்று. உன் வயதில் நான் அப்படி வந்ததில்லை. வாரத்தில் நாலு ராத்திரி டிப்போ பெஞ்சில் படுத்தவன்.

போன மாதம் இரண்டு சனிக்கிழமை ராத்திரி பள்ளிகொண்டா டோல் என்று வந்தது. 1.12-க்குப் போனது, 3.05-க்குத் திரும்பியது. அடுத்த வாரமும் கிட்டத்தட்ட அதே நேரம். பள்ளிகொண்டா உன் வேலைக்கு எதிர்த்திசை. பாப்பா தூங்காமல் அழுதிருப்பாள், காரில் வைத்துச் சுற்றியிருப்பாய் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். தேவியிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன். மிளகாய்ப்பொடி அரைத்து அனுப்பியிருக்கிறோம், வந்து சேர்ந்ததா என்று மட்டும் கேட்டேன். வந்தது மாமா என்றாள். குரல் சரியில்லை.

எந்த வண்டி வாங்கினாலும் சரி, தூக்கம் வந்தால் ஓட்டாதே. இதை நீ இருபது தடவை கேட்டாயிற்று. டீ குடித்தால் போகும், கண்ணாடியை இறக்கினால் போகும் என்று எனக்கே நீ சொல்வாய். வேகமான வண்டி சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்று நினைக்கிறாய். ராத்திரி 10 மணிக்கு மேல் ஷிப்ட் முடித்துவிட்டு வருகிறவனுக்கு எந்த வண்டியும் தூக்கத்தைக் குறைத்துத் தராது.

கார்த்தி, உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். 1998-இல் சாத்தூருக்கு முன்னால் பஸ் காட்டுக்குள் இறங்கியதே, அன்றைக்கு பிரேக் போகவில்லை.

அக்கா சடங்கு வைத்த கடன் இருந்தது. மூன்று நாள் தொடர்ந்து டபுள் டூட்டி எடுத்தேன். பேட்டாவும் ஓவர்டைமும் சேர்ந்தால் ஒரு வட்டிக்காவது ஆகும் என்று. விடியற்காலை நாலரை மணி. எனக்குத் தூக்கம் வருவது எனக்கே தெரியாது. கண் திறந்துதான் இருந்தது. ரோட்டோரப் புளியமரங்களில் அடித்த வெள்ளைப் பட்டை ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தது. அடுத்து எனக்குத் தெரிந்தது பம்பரில் பருத்திச் செடி உரசுகிற சத்தம். சரசரவென்று, மழை பெய்கிற மாதிரி. கரிசல் ஈரமாக இருந்ததால் வண்டி புதைந்து நின்றது, சாயவில்லை. ஒரு ஆச்சிக்கு மணிக்கட்டு ஒடிந்தது. அந்த ஆச்சி என்னைத் திட்டவில்லை. "நீ நல்லா இருக்கியாய்யா?" என்று கேட்டார்.

விசாரணையில் பிரேக் பிடிக்கவில்லை என்று எழுதிக்கொடுத்தேன். முந்தின நாள் அந்த வண்டியைப் பார்த்த ஃபிட்டருக்கு மெமோ போனது. இரண்டு வருஷ இன்கிரிமென்ட் நிறுத்தினார்கள். எனக்குக் கையைக் குலுக்கிப் பாராட்டினார்கள். அவர் மகள் கல்யாணத்துக்குப் போனேன், மொய் எழுதினேன், பந்தியில் உட்கார முடியாமல் பின்வாசல் வழியாக வந்துவிட்டேன். அவர் இப்போது இல்லை. அவரிடம் நான் சொல்லவே இல்லை.

அன்று வீட்டுக்கு வந்தபோது என் காக்கிப் பேன்டில் முழங்கால் வரை சேறு. உனக்கு எட்டு வயது. என்னப்பா ஆச்சு என்று கேட்டாய். பிரேக் போயிடுச்சுடா, அப்பா நிறுத்திட்டேன் என்றேன். நீ அதைப் பள்ளிக்கூடம் முழுக்கச் சொன்னாய். உன் கல்யாணத்தில் சொன்னாய். போன பொங்கலுக்குப் பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, தாத்தா பிரேக் இல்லாத பஸ்ஸை நிறுத்தினார் என்று சொன்னாய். அவள் என் கையைப் பிடித்துப் பார்த்தாள். அன்று ராத்திரி நான் தூங்கவில்லை. இனி அவளிடம் அதைச் சொல்லாதே.

அம்மாவுக்கும் இது தெரியாது. கடிதத்தைப் படித்த பிறகு நீ என்னிடம் பேசாமல் இருந்தாலும் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். பள்ளிகொண்டா பக்கம் போகத் தோன்றினால் மட்டும் என்னைக் கூப்பிடு. மணி ஒன்றானாலும் இரண்டானாலும் எடுப்பேன். என்ன ஏது என்று கேட்க மாட்டேன். வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டுக் கூப்பிடு.

வேகன்ஆருக்கு இப்போது வருஷப் பாஸ் போட்டுவிடாதே. 2025 ஆகஸ்டில் 3,000 ரூபாய்க்கு 200 தடவை என்று ஆரம்பித்தார்களே, அது அந்த வண்டி நம்பருக்கு மட்டும்தான், அடுத்த வண்டிக்கு மாற்ற முடியாது. புது வண்டிக்குப் போடு. தினமும் இரண்டு தடவை என்றால் உனக்கு 100 வேலைநாளில் தீர்ந்துவிடும், இருந்தாலும் லாபம்தான். அந்த வண்டிக்குப் புதிதாக ஃபாஸ்டேக் வாங்கும்போது மொபைல் நம்பர் கேட்பார்கள். என் நம்பரைக் கொடு. நீ படம் அனுப்பிய நாளிலிருந்து இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். வண்டி உன் பெயருக்குப் போய்விட்டால் மெசேஜ் உனக்கே போய்விடும். இங்கே ராத்திரி அம்மா படுத்துக்கொண்டே "தாண்டிட்டானா?" என்று கேட்பாள். தாண்டிட்டான் என்று சொன்ன பிறகுதான் லைட்டை அணைப்போம்.

வண்டி பார்க்கப் போகிற நாளை முன்கூட்டியே சொல். முந்தின நாள் ராத்திரி இங்கே பஸ் ஏறினால் விடிவதற்குள் வந்துவிடுவேன். அவன் ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்னால் நாம் இரண்டு பேரும் அங்கே நிற்க வேண்டும்.

இப்படிக்கு,
அப்பா