கதிருக்கு, டிம் டங்கனைப் பற்றி

கதிர்,

போனிலேயே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் வாயைத் திறந்தாலே நீ "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லி வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். சத்தம் போடுகிறவனுக்குத்தான் பதவி உயர்வு, தலையைக் குனிந்து வேலை பார்க்கிறவனை ஒருத்தரும் கண்டுகொள்வதில்லை, இனி நானும் அவர்களைப் போல மாறிக் காட்டுகிறேன் என்றாய். அதே மூச்சில் இன்னொரு கம்பெனியிலிருந்து ஆஃபர் வந்திருக்கிறது, போய்விடலாமா என்றும் கேட்டாய். இரண்டும் வேறு வேறு விஷயம்டா. நீ இரண்டையும் ஒரே முடிச்சாகப் போட்டு வைத்திருக்கிறாய்.

புத்திமதி சொன்னால் உனக்குப் பிடிக்காது. ஆனால் காலமெல்லாம் பி.டி. டீச்சராக இருந்தவளுக்கு பேஸ்கட்பால் பற்றிப் பேசவாவது உரிமை உண்டு. நீ ஸ்கூல் படிக்கும்போது அமெரிக்க பேஸ்கட்பால் லீக் என்.பி.ஏ.வின் ஸ்டார் கோபி பிரையன்ட் படத்தை அலமாரிக் கதவில் ஒட்டி வைத்திருந்தாய், அதே லீக்கில் டிம் டங்கன் ஆடும் மேட்ச் வந்தால் "போர்ம்மா" என்று சேனலை மாற்றுவாய். அந்த ஆள் போர் என்றுதான் அமெரிக்காவிலும் நிறையப் பேர் சொன்னார்கள். எனக்கு மட்டும் அவனைப் பார்த்தால் சலிக்கவே சலிக்காது. ஏன் என்று உனக்கு நான் சொன்னதே இல்லை.

செயின்ட் கிராய் என்று ஒரு தீவு, கரீபியன் கடலில், போர்ட்டோ ரிக்கோவுக்குத் தென்கிழக்கே. டென்மார்க்காரர்கள் கையில் இருந்து, 1917-ல் பக்கத்துத் தீவுகளோடு சேர்த்து இரண்டரைக் கோடி டாலருக்கு அமெரிக்காவிடம் போன இடம். அதனால்தான் டங்கன் கரீபியன்காரன், ஆனால் அமெரிக்கக் குடிமகன். 1976-ல் அங்கேதான் பிறந்தான். அப்பா வில்லியம் கொத்தனார், அம்மா அயோனி பிரசவம் பார்க்கிறவர். அந்த வீட்டில் பேஸ்கட்பால் பேச்சே கிடையாது, எல்லாம் நீச்சல்தான். அக்கா டிரிஷியா 1988 சியோல் ஒலிம்பிக்கில் வெர்ஜின் தீவுகளுக்காக (செயின்ட் கிராய் அடங்கிய அந்தத் தீவுக் கூட்டத்தின் பெயர்) பேக்ஸ்ட்ரோக் நீந்தியவள். தம்பிக்கு 400 மீட்டர் ஃப்ரீஸ்டைல், 1992 ஒலிம்பிக்கில் நீந்த வேண்டும் என்பது கனவு.

1989 செப்டம்பரில் ஹியூகோ புயல் அடித்தது. ஒலிம்பிக் அளவுக்கு அந்தத் தீவில் இருந்தது ஒரே ஒரு நீச்சல் குளம், அது நாசமாகிவிட்டது. பிள்ளைகளைக் கடலில் இறக்கிப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். இவனுக்குச் சுறா என்றால் நடுக்கம்! குளத்தில் தரையில் கோடு தெரியும், கை நீட்டினால் சுவர் வரும், திரும்பலாம், நேரம் பார்க்கலாம். கடலில் என்ன இருக்கிறது, அலையும் கீழே இருட்டும்தான். பதின்மூன்று வயசுப் பையன் ஆர்வம் விட்டுப் போனதில் ஆச்சரியம் இல்லை. அடுத்த ஏப்ரலில், அவனுடைய பதினான்காவது பிறந்த நாளுக்கு முந்தின நாள், அயோனி மார்பகப் புற்றுநோயில் போய்விட்டார். அதோடு நீச்சலை அவன் தொடவில்லை.

அந்த அம்மா போவதற்கு முன் பிள்ளைகளிடம் ஒரு வாக்குக் கேட்டார்: காலேஜ் படித்து டிகிரி வாங்கிவிட வேண்டும். வேறு ஏதாவது கேட்டிருக்கலாம், ஒலிம்பிக் மெடல் வாங்கிக் காட்டு என்று கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. நானாக இருந்தாலும் இதைத்தான் கேட்டிருப்பேன், நீ சிரிக்காதே.

அக்கா வீட்டுக்காரர் காலேஜில் பேஸ்கட்பால் ஆடியவர், அவர்தான் கற்றுக்கொடுத்தார். ஒன்பதாம் வகுப்பில்தான் தொடங்கினான். என்னிடம் எத்தனை பேர் ஆறாவதிலேயே பிள்ளையைக் கொண்டு வந்து விட்டுவிட்டு, இப்போதே லேட்டாகிவிட்டதோ மேடம் என்று கேட்பார்கள் தெரியுமா. வேக் ஃபாரஸ்ட் யுனிவர்சிட்டி கோச் டேவ் ஓடம் இவனைப் பற்றிக் கேள்விப்பட்டு அந்தத் தீவுக்கே போய், வீட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார், இவன் பாட்டுக்கு டிவி பார்த்துக்கொண்டிருக்கிறான். பையனுக்கு விருப்பமே இல்லை போல என்று அவர் நினைத்துவிட்டார். கடைசியில் பார்த்தால் அவர் சொன்னது ஒன்று விடாமல் காதில் வாங்கியிருந்தான். முகம் மட்டும் காட்டிக்கொடுக்காது, சாகிற வரை அது அவன் சுபாவம் என்று வைத்துக்கொள்.

காலேஜில் முதல் மேட்ச், அலாஸ்காவில். எத்தனை பாயின்ட் என்கிறாய்? பூஜ்யம். அப்புறம் வருஷத்துக்கு வருஷம் ஏறினான். இப்போதே தொழில்முறை ஆட்டத்துக்குப் போனால் முதல் ஆளாக எடுப்பார்கள், கோடிக்கணக்கில் பணம் வரும் என்று எல்லோரும் சொன்னபோதும் நாலு வருஷம் முழுக்க உட்கார்ந்து, 1997-ல் சைக்காலஜி டிகிரியோடுதான் வெளியே வந்தான். அந்த நாலு வருஷத்தில் காலில் ஒரு அடி பட்டிருந்தால் எல்லாமே போயிருக்கும். அதையும் யோசித்துப் பார்.

அந்த வருஷம் டிராஃப்டில், அதாவது டீம்கள் வரிசையாகப் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கிற நிகழ்ச்சியில், முதல் ஆளாக அவனை எடுத்தது சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் டீம். எனக்கு ரொம்பப் பிடித்தது அதற்கப்புறம் நடந்ததுதான், நீ கவனமாகப் படிக்க வேண்டியதும் இதைத்தான். கோச் கிரெக் போபோவிச் இவனை ஆபீசுக்கு வரச் சொல்லிக் கை குலுக்கி போட்டோ எடுத்ததோடு நிற்கவில்லை. விமானம் ஏறி செயின்ட் கிராய்க்குப் போனார். அவனோடு கடலில் இறங்கி நீந்தினார், கரையில் உட்கார்ந்து பேசினார். பேஸ்கட்பாலைத் தவிர மற்றதெல்லாம் பேசினார்களாம். இன்னொன்றும் உண்டு. டங்கனுடைய அப்பா அவரிடம், என் பையன் இந்த ஆட்டத்தையெல்லாம் முடித்துவிட்டு வரும்போதும் இப்போது இருக்கிற அதே ஆளாகத்தான் இருக்க வேண்டும், அது உங்கள் பொறுப்பு என்று சொல்லியிருக்கிறார். இதை போபோவிச் 2016-ல், டங்கனுடைய 21-ம் நம்பர் பனியனுக்கு, இனி அந்த நம்பர் டீமில் யாருக்கும் இல்லை என்று, ஓய்வு கொடுத்த விழாவில், குரல் தழுதழுக்க மேடையில் சொன்னார். அந்த அப்பா அதைப் பார்க்க உயிரோடு இல்லை.

சரி, ஆட்டத்துக்கு வருகிறேன். ரிங்குக்குப் பின்னால் இருக்கிற போர்டில், ரிங்குக்கு மேலே ஒரு செவ்வகக் கட்டம் வரைந்திருக்கும், ஞாபகம் இருக்கிறதா? ரிங்குக்கு நேர் எதிரே இல்லாமல், நேர் பக்கவாட்டிலும் இல்லாமல், நடுவாந்திரமாகச் சாய்ந்த ஒரு கோணத்தில் நின்று, அந்தக் கட்டத்தின் மேல் மூலையில், நம் பக்கத்து மூலையில், பந்தை மெதுவாகப் பட வைத்தால் அதுவே திரும்பி வலைக்குள் விழும். இதை நான் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பேன், ஒன்பதாவது வந்ததும் எல்லோரும் விட்டுவிடுவார்கள், ஏனென்றால் அதில் ஸ்டைல் இல்லை. டங்கன் இடது பக்கம் பந்தை வாங்குவான், திரும்பி நிற்பான், ஒரு கால் முன்னே வைத்து எதிராளியைக் கொஞ்சம் பின்வாங்க வைப்பான், பந்தைத் தலைக்கு மேல் தூக்கி அந்த மூலையில் தட்டுவான். அவ்வளவுதான். அடுத்த முறையும் அதையேதான் செய்வான் என்று எதிராளிக்குத் தெரியும், அரங்கத்தில் பாப்கார்ன் விற்கிறவனுக்கும் தெரியும், இருந்தும் தடுக்க முடியாது. அந்தக் காலத்து இன்னொரு பெரிய ஆட்டக்காரர் ஷாக்கில் ஓ'நீல் அவனுக்கு வைத்த பட்டப்பெயரே 'பிக் ஃபண்டமென்டல்', அடிப்படைப் பாடமே ஆளாக நிற்கிற மாதிரி. 2003 ஃபைனல்ஸில், சாம்பியன் யார் என்று முடிவாகும் தொடரில், நியூ ஜெர்ஸி டீமோடு கடைசி மேட்ச்: 21 பாயின்ட், 20 ரீபவுண்ட் (உள்ளே விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது), 10 அசிஸ்ட் (கூட ஆடுகிறவன் பாயின்ட் போடப் பந்து கொடுப்பது), 8 பிளாக் (எதிராளி எறிகிற பந்தைத் தடுப்பது). அதில் ஒன்றையாவது அன்று ராத்திரி டிவியில் திரும்பத் திரும்பப் போட்டிருப்பார்களா என்றால் சந்தேகம்தான்.

இதற்குள் ஒரு வேடிக்கை. உணர்ச்சியே காட்டாதவன் என்று பெயர் வாங்கிய ஆளை 2007-ல் ஒரு ரெஃப்ரி மைதானத்தை விட்டே வெளியேற்றினார், பெஞ்சில் உட்கார்ந்து சிரித்ததற்காக! பிறகு அந்த ரெஃப்ரியைத்தான் சீசன் முடிகிற வரை சஸ்பெண்ட் செய்தார்கள்.

ஆக, சத்தம் போடாமல் அவன் என்ன சாதித்தான் என்று கேட்டால், 19 சீசன், ஒரே டீம், ஐந்து சாம்பியன் பட்டம், அதில் முதலாவது 1999, கடைசி 2014. 2002-லும் 2003-லும் லீக்கிலேயே சிறந்த ஆட்டக்காரன் விருது. 26,496 பாயின்ட், 15,091 ரீபவுண்ட். அவன் ஆடிய ஒரு வருஷம்கூட ஸ்பர்ஸ் பிளேஆஃப்ஸுக்கு, அதாவது சீசன் முடிவில் சாம்பியன் பட்டத்துக்காக நடக்கிற சுற்றுகளுக்கு, போகாமல் இருந்ததில்லை. இத்தனை பெரிய ஆளை போபோவிச் பயிற்சியில் எல்லோர் முன்னாலும் திட்டுவார், இவன் கேட்டுக்கொண்டு நிற்பான். அவனே கேட்டுக்கொள்ளும்போது நேற்று வந்த பையன் எப்படி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான்? இது வெளியே தெரியாத வேலை, ஆனால் உள்ளே இருக்கிற எல்லோருக்கும் தெரியும்.

இதை வைத்து, பொறுமையாக அங்கேயே கிட என்று அம்மா சொல்கிறாள் என்று நினைத்துவிடாதே. 2000-ல் அவனே கிளம்பப் பார்த்தவன்தான். ஒப்பந்தம் முடிந்தது, ஆர்லாண்டோ டீம் கூப்பிட்டது, நேரில் போய்ப் பார்த்துவிட்டும் வந்தான், பாதி மனசு அங்கே போய்விட்டது என்றுதான் பேச்சு. அப்போது ஸ்பர்ஸில் சீனியர் டேவிட் ராபின்சன். தனக்கு வயசாகிக்கொண்டிருக்கிறது, இந்தப் பையன்தான் தன் இடத்துக்கு வரப்போகிறான் என்று தெரிந்தவர். அந்த மனுஷன் ஹவாயில் விடுமுறையில் இருந்தவர், அதை விட்டுவிட்டு ஓடி வந்து, இரு என்று பேசியிருக்கிறார். டங்கன் இருந்தான். ஊர் ராசி, டீம் ராசி எல்லாம் சும்மா. கூடக் கடலில் இறங்குகிற கோச்சும், லீவை விட்டு வருகிற சீனியரும் இருந்த இடம், அதனால் இருந்தான். வேறு மாதிரி ஆட்கள் கையில் மாட்டியிருந்தால் அதே அமைதி அவனைத் தின்றிருக்கும். இதை அவனைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் யாரும் சொல்ல மாட்டார்கள்.

உன் மேனேஜர் எப்படி? நீ சொன்னதில் அதுதான் வரவே இல்லை. பிராஜெக்ட் சொதப்பியபோது அவர் யார் பெயரைச் சொன்னார்? நீ டைஃபாய்டில் படுத்திருந்தபோது, என்ன ஆச்சு என்று கேட்டாரா, எப்போ வருவே என்று கேட்டாரா? எனக்குத் தெரியாது, உனக்குத் தெரியும். அதைப் பார்த்து முடிவு பண்ணு. பக்கத்து சீட்டுக்காரன் என்ன சத்தம் போடுகிறான் என்பதைப் பார்த்து முடிவு பண்ணாதே.

2013 ஃபைனல்ஸ் ஏழாவது மேட்ச்சையும் பார், யூடியூபில் இருக்கும். மயாமி டீமோடு, அவர்கள் ஊரில், இன்னும் ஒரு நிமிஷத்துக்கும் குறைவான நேரம், ஸ்பர்ஸ் இரண்டு பாயின்ட் பின்னால் இருக்கிறார்கள். ரிங்குக்குப் பக்கத்திலேயே, தூக்கத்தில்கூட போட்டுவிடுகிற ஷாட், டங்கன் தவறவிட்டான். திரும்பி வந்த பந்தையும் தட்டிப் பார்த்தான், அதுவும் போச்சு. அந்தப் பக்கம் ஓடிப் போய்க் குனிந்து தரையை இரண்டு கையாலும் ஓங்கி அடித்தான். அத்தனை வருஷத்தில் நான் அவனை அப்படிப் பார்த்ததில்லை. அடுத்த வருஷம் அதே மயாமியை நாலுக்கு ஒன்று என்று ஜெயித்தபோது வயசு 38. நடுவில் பேட்டி, சபதம் ஒன்றும் கிடையாது, அடுத்த சீசனுக்கு வந்து பழையபடி போர்டில் தட்ட ஆரம்பித்தான்.

2016-ல் உன் கோபி ஒரு வருஷம் முழுக்க ஊர் ஊராக விடைபெற்று, கடைசி மேட்ச்சில் 60 பாயின்ட் போட்டுவிட்டுப் போனார். அதுவும் அழகுதான், நான் அழுதேன். டங்கன் ஜூலையில் டீம் மூலமாக ஒரு அறிக்கை விட்டான், முடிந்தது. பிறகு இருவரையும் ஒரே வருஷப் பட்டியலில்தான் பேஸ்கட்பால் ஜாம்பவான்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள். ஆக, இரண்டு வழியிலும் அங்கே போகலாம். உனக்குச் சத்தம் வராதுடா, ஸ்கூல் ஆண்டு விழாவில் மைக்கைப் பார்த்தாலே வியர்க்கும், இப்போது போய் நடித்தால் இரண்டே மாதத்தில் வெளுத்துவிடும்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவனைப் பார்த்து நடக்காதே. தன் முதலீடுகளையெல்லாம் பார்த்துக்கொண்ட ஆலோசகரை அவன் வருஷக்கணக்கில் நம்பினான், நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டான், இரண்டு கோடி டாலருக்கு மேல் போயிற்று. விவாகரத்து நேரத்தில் கணக்குகளைப் புரட்டியபோதுதான் வெளியே வந்தது. அந்த ஆளுக்கு 2017-ல் நாலு வருஷம் ஜெயில். அதே போல 2012-ல் டீமுக்காகச் சம்பளத்தைப் பாதிக்கும் கீழே இறக்கிக்கொண்டான், அவனிடம் இருந்தது, செய்தான். நீ அதையெல்லாம் செய்ய வேண்டாம். இருந்தாலும் சரி, போனாலும் சரி, உனக்குச் சேர வேண்டியதை வாய்விட்டுக் கேள், அது சத்தம் போடுவதில் சேராது.

அந்த ஆஃபர் லெட்டரை முழுசாக அனுப்பு, முதல் பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பாதே. நோட்டீஸ் பீரியட் எத்தனை மாதம், ஒரு வருஷத்துக்குள் விட்டால் ஜாயினிங் போனஸைத் திருப்பிக் கேட்பார்களா, இதெல்லாம் பின்பக்கத்தில்தான் இருக்கும். மாமா பார்த்துச் சொல்கிறேன் என்றார், ஆனால் ஞாயிற்றுக்கிழமை அவர் திருச்செந்தூர் போகிறார், அதற்குள் அனுப்பிவிடு.

அம்மா