பிசியோக்காரத் தம்பி வருவது நின்ற பிறகு

ஸ்கார்பரோ, கனடா
16 நவம்பர் 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் இங்கு நலம். அண்ணன், மதினி, பிள்ளைகள் எல்லாரும் சுகம்தானே? மாற்று ஆபரேஷன் செய்த உன் முட்டு எப்படி இருக்கிறது என்று போனில் கேட்டால், "எல்லாம் சரியாத்தான் இருக்கு, நீ சாப்பிட்டியா" என்று பேச்சை மாற்றிவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். மதினியை வாசிக்கச் சொல்லி முழுசாகக் கேள்.

கேரளத்துப் புனலூரிலிருந்து வந்துகொண்டிருந்த பிசியோக்காரத் தம்பி செப்டம்பரோடு வருவதை முடித்துக்கொண்டதும் நீயும் பயிற்சியை விட்டுவிட்டாய் என்று மதினி சொன்னார். தார்சாவில் உட்கார்ந்து ஸ்டூலில் காலை நீட்டி, முட்டுக்கு அடியில் தலையணையும் வைத்துக்கொள்கிறாயாம். எனக்குக் கோபம் இல்லை அம்மா. நானும் அதையேதான் செய்தேன்.

ஜனவரியில் கால் சுளுக்கு என்று உன்னிடம் சொன்னேன் அல்லவா? அது சுளுக்கு இல்லை. வலது கணுக்காலில் எலும்பு முறிவு. ஜூலையில் உனக்கு ஆபரேஷன் இருந்தது, நீ பயப்படக் கூடாது என்று மறைத்துவிட்டேன். மன்னித்துக்கொள்.

இங்கே மழைத்தண்ணீர் தரையில் விழுந்த இடத்திலேயே கண்ணாடி மாதிரி உறைந்துவிடும். அதன்மேல் பனித்தூள் கிடந்தால் கண்ணுக்கே தெரியாது. விடியற்காலை ஐந்தரை மணி, வேலைக்குப் போகும் பஸ்ஸைப் பிடிக்க வேகமாக நடந்தேன், விழுந்தேன். ஆறு வாரம் கட்டு. அதற்கப்புறம் பிசியோதெரபி. அங்கே எனக்குச் சொல்லிக்கொடுத்த அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். பிறகு "முட்டு மடக்கு அம்மே" என்று உன்னிடம் அந்தத் தம்பி கெஞ்சியதை போனில் கேட்டபோதெல்லாம், அவர் "காலை நல்லா நீட்டுங்கோ" என்று சொன்னது ஞாபகம் வந்தது. மலையாளத்திலும் அது முட்டுதான், நம்மூரிலும் முட்டுதான்.

மே மாசக் கடைசி நாளில் அந்த அக்கா ஒரு தாளில் ஐந்து பயிற்சிகளை எழுதிக் கொடுத்தார். பிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். வலி இல்லை, நடக்க முடிகிறது, வேலைக்கும் போகிறேன், இனி எதற்கு என்று அதைத் தொடவே இல்லை. ஆகஸ்டில் ஒருநாள் மாடிப்படி இறங்கும்போது கால் தடுமாறியது. அன்று ராத்திரி சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நின்று குதிகாலைத் தூக்கிப் பார்த்தேன். இடது காலில் இருபது தடவை வந்தது, வலது காலில் நாலு. டேப் வைத்து அளந்தால் வலது கெண்டைக்கால் இரண்டு சென்டிமீட்டர் மெலிந்திருந்தது. வலி போனதைப் பலம் வந்ததாக நினைத்துவிட்டேன். தாளை மறுபடி எடுத்தேன். இப்போது பதினாறு வருகிறது.

நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்திலும் இதைத் தினமும் பார்க்கிறேன். எண்பத்தாறு வயசுப் பாட்டி ஒருவர் காய்ச்சலில் பத்து நாள் படுத்தார். எழுந்தபோது இரண்டு பேர் பிடித்துத்தான் நிறுத்த வேண்டியிருந்தது. வயசானவர்களுக்குச் சதை அவ்வளவு சீக்கிரம் கரைந்துவிடுகிறது. ஆனால் அது திரும்பவும் வரும் அம்மா. அவர் டீ வருவதற்கு முன்னால் நாற்காலியில் இருந்து ஐந்து தடவை எழுந்து உட்காருவார். பிறகு எட்டு, பத்து. ஒரு மாசத்துக்கு மேல் ஆனது, இப்போது சாப்பாட்டு அறைக்கு வாக்கரோடு தானே வருகிறார்.

முதலில் அந்தத் தலையணையை எடு. சுகமாகத்தான் இருக்கும், ஆனால் முட்டு வளைந்தபடியே பழகி முழுசாக நீளாமல் போய்விடும். அதற்குப் பதிலாகத் துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் வைத்து, தொடையை இறுக்கி முட்டைக் கீழே அழுத்து. ஐந்து எண்ணிவிட்டு விடு.

அப்புறம், காலையில் காபிக்கு முன்னால் கை வைத்த மர நாற்காலியைச் சுவரோடு சேர்த்துப் போட்டுப் பத்துத் தடவை எழுந்து உட்கார். பால் காயும் நேரத்தில் அடுப்படி மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்கு. தனியாக நேரம் ஒதுக்கினால் நீ செய்ய மாட்டாய் என்று எனக்குத் தெரியும், பால் மட்டும் தினமும் காயத்தானே வேண்டும்.

மொட்டைமாடிக்குப் போனால் கைப்பிடியைப் பிடித்துக்கொள். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில். தரையில் சம்மணம் போடாதே, குந்தவும் வேண்டாம். செய்த அன்று கொஞ்சம் வலித்தால் பரவாயில்லை. மறுநாளும் வலியோ வீக்கமோ குறையாவிட்டால் எண்ணிக்கையைப் பாதியாக்கு, அடியோடு நிறுத்தாதே. கெண்டைக்கால் திடீரென்று வீங்கி வலித்தாலோ, முட்டு சிவந்து காய்ச்சல் வந்தாலோ மட்டும் தள்ளிப்போடாமல் அண்ணனைக் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போய்விடு.

நடப்பதையும் விடாதே. வாரத்துக்கு 150 நிமிஷமாவது வேக நடை மாதிரி மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வயசானவர்களுக்கு விழாமல் இருக்க வாரத்தில் மூன்று நாளாவது தடுமாறாமல் நிற்கப் பழகும் பயிற்சியும் வேண்டும். இங்கே குளிர்காலத்தில் கடைகள் திறக்கும் முன்பே பெரியவர்கள் மாலுக்குள் வந்து சுற்றிச் சுற்றி நடக்கிறார்கள். நீ மழை நாளில் தார்சாவுக்கும் அடுப்படிக்குமாக நட. மழை வெறித்த நாளில் வெளியே பத்து நிமிஷம் போதும், பிறகு வளைவு வரைக்கும் போய்வரலாம். மாற்றுமுட்டு ஒரு வருஷம் வரைக்கும் தேறிக்கொண்டே வரும். நாலு மாசத்திலேயே "இவ்வளவுதான்" என்று விட்டுவிடாதே.

டிசம்பரில் கடையநல்லூர்க்காரர் ஒருவர் ஊருக்கு வருகிறார். அவரிடம் இரண்டு ரப்பர் பட்டை கொடுத்தனுப்புகிறேன். மஞ்சள் லேசானது, அதில் ஆரம்பி. சிவப்பை நான் சொன்னபிறகு எடு.

நான் ஜூனில் வருகிறேன், சாரல் பிடிக்கும் நேரம். இலஞ்சிக் குமாரர் கோயிலுக்குப் போவோம். வாசலில் ஆட்டோவில் இறங்கி உள்ளே பிரகாரம் முழுக்க உன்னோடு சுற்றிவர வேண்டும், எங்கேயும் உட்காராமல். மதினியிடம் சொல்லியிருக்கிறேன், செய்த நாளுக்கெல்லாம் காலண்டரில் ஒரு கோடு போடுவார். அந்தத் தாள்களைக் கிழித்துப் போடாமல் வைத்திரு, வந்து பார்ப்பேன்.

உன் அன்பு மகள்